கத்திரி வெயிலில் காலைக்கு ஒரு கிண்ணம் பழம்

வேலூரில் கத்திரி தொடங்கிவிட்டால் காலை ஏழரை மணிக்கே அடுப்பு முன்னால் நிற்பது பெரும் பாடு. தோசைக்கல்லின் அனல் ஒரு பக்கம், ஜன்னல் வழியாக வரும் அனல் ஒரு பக்கம். அந்த நேரத்தில் சுடச்சுட இட்லியும் கொதிக்கும் சாம்பாரும் யாருக்கும் இறங்குவதில்லை. தட்டில் வைத்ததைப் பாதியில் ஒதுக்கி, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்களே அதிகம். எங்கள் வீட்டில் மே மாதம் முழுக்கவும், வெயில் அடங்காவிட்டால் ஜூனிலும், வாரத்தில் பாதி நாட்கள் காலை உணவு குளிர்ந்த பழம்தான். மற்ற நாட்களில் பழைய சோறும் சின்ன வெங்காயமும். இரண்டுக்கும் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை.

பழக்கிண்ணம் என்றதும் கல்யாண விருந்தின் ஃப்ரூட் சாலட்தான் பலருக்கு நினைவுக்கு வரும். கஸ்டர்டில் ஊறிய ஆப்பிள், டூட்டி ஃப்ரூட்டி, மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். நான் சொல்வது அதுவல்ல. இளநீரில் மிதக்கும் கிர்ணி, தர்பூசணி, நுங்கு, கொஞ்சம் மாம்பழம், நாலைந்து பன்னீர் திராட்சை. சர்க்கரை இல்லை, பால் இல்லை. இந்தக் கிண்ணத்தில் கைத்திறனுக்கு வேலை குறைவு. பழம் சரியாகக் கனிந்திருக்க வேண்டும், குளிர்ச்சி அளவோடு இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் மற்ற எதைச் சேர்த்தும் சரிக்கட்ட முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

உருகிப்போன ஐஸ்கிரீமைச் சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உறைந்திருந்தபோது அளவாக இருந்த இனிப்பு, உருகியதும் திகட்டும். நாக்கில் இனிப்பை உணரும் செல்களில் டிஆர்பிஎம்5 என்றொரு புரதம் இருக்கிறது. சூடு ஏறினால் அது சுறுசுறுப்பாக வேலை செய்யும், குளிரில் மந்தமாகிவிடும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் இதைக் கண்டறிந்தார்கள். வாசனையும் அப்படியே. சில்லென்றிருக்கும் மாம்பழத்திலிருந்து மணம் எழும்புவதே இல்லை. ஆகவே, சாதாரணமாகச் சாப்பிடும்போது ‘பரவாயில்லை’ என்று தோன்றும் பழம், ஃபிரிட்ஜுக்குள் போய் வந்தால் சப்பென்று ஆகிவிடும். அந்த இடத்தில்தான் ஆளாளுக்குச் சர்க்கரை டப்பாவைத் திறக்கிறார்கள். நல்ல பழத்தை வாங்கி, குளிர்ச்சியைக் கொஞ்சம் குறைத்தால் அந்த டப்பா தேவைப்படாது. சாப்பிடுவதற்குப் பத்து நிமிடம் முன்பே கிண்ணத்தை வெளியே எடுத்து வையுங்கள். பழத்தின் மணம் மெல்ல எழும்பி வரும்.

முதலில் கிர்ணி. முலாம்பழம் என்று எழுதினாலும் எங்கள் மார்க்கெட்டில் அதற்குக் கிர்ணி என்றுதான் பெயர். வலைபோல் வரி ஓடிய தோல், உள்ளே வெளிர் ஆரஞ்சு நிறம். கிர்ணியைத் தேர்ந்தெடுக்கக் கண்ணைவிட மூக்கே நம்பகமானது. காம்பு இருந்த இடத்தை மூக்கருகே வைத்து முகர்ந்து பாருங்கள். தேன் மாதிரி ஒரு மணம் வந்தால் வாங்கலாம். எந்த மணமும் இல்லையென்றால் செங்காய். புளித்த நெடி அடித்தால் காலம் கடந்துவிட்டது. காம்பு தானாகக் கழன்று வழவழப்பான குழி தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். கொடியிலேயே முற்றிய பழத்தில்தான் அந்தக் குழி அப்படி இருக்கும். நன்றாக முற்றிய, மணம் குறைந்த பழமாக இருந்தால் ஒருநாள் வெளியே வைத்துவிட்டு வெட்டலாம். சதை கொஞ்சம் இளகும், மணமும் கூடும்.

தர்பூசணி அப்படிக் கிடையாது. பறித்த பிறகு அது இனிப்பேறாது. வயலில் எவ்வளவு பழுத்ததோ அவ்வளவுதான். தரையில் கிடந்த பக்கம் ஒரு திட்டு இருக்கும். அது வெள்ளையாக இருந்தால் அவசரமாகப் பறித்தது, வெண்ணெய் மஞ்சளாக இருந்தால் நன்றாகக் கிடந்து பழுத்தது. கையில் தூக்கினால் அதன் அளவுக்கு மீறிய கனம் தெரிய வேண்டும். தட்டிப் பார்த்து ஓசை கேட்கும் வித்தை சிலருக்குக் கைவந்திருக்கிறது. நான் திட்டைத்தான் நம்புகிறேன்.

தர்பூசணியைப் பற்றி எழுதும்போது 2025 கோடையை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. பழத்துக்குள் ஊசி போட்டு நிறம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு அந்த ஆண்டு தமிழ்நாடு முழுக்கக் காட்டுத்தீயாகப் பரவியது. வீட்டுக்கு வீடு அதே பேச்சு. மக்கள் வாங்கப் பயந்தார்கள், விலை விழுந்தது, கடன் வாங்கிப் பயிரிட்ட விவசாயிகள் பெரும் நட்டம் என்று முறையிட்டார்கள். சிவப்பு நிறம் லைகோபீன் என்ற இயற்கைப் பொருளால் வருவது. தக்காளிக்கும் சிவப்பைத் தருவது அதுவே. கெட்டியான தோலைத் துளைத்து ஊசி ஏற்றினால் அந்தத் துளை வழியே கிருமி புகுந்து, இந்த வெயிலில் பழம் சீக்கிரமே அழுகத் தொடங்கும். ஒரு வியாபாரி எதற்காகத் தன் சரக்கைத் தானே அழுக வைக்கப் போகிறான்? இரண்டரை மாதம் வயலில் நின்று வளர்த்தவர்களின் உழைப்பு, சில கைபேசிக் காணொளிகளால் வீணானதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. சந்தேகம் இருக்கிறவர்கள் வெட்டி வைத்த துண்டுகளை வாங்காமல் முழுப்பழமாக வாங்கி வீட்டில் வெட்டிக்கொள்ளலாம். அதற்காக ஒரு பருவத்துப் பழத்தையே ஒதுக்கி வைப்பது நியாயமில்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டிய விஷயம் மாம்பழத்தில் இருக்கிறது. காயைச் சீக்கிரம் பழுக்க வைக்கச் சிலர் போடும் கார்பைடு கல் ஈரப்பதத்தோடு சேர்ந்தால் அசிட்டிலீன் வாயு வெளிவரும். அது தோலை மட்டும் மஞ்சளாக்கும். அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்க வாய்ப்புண்டு என்பதால் உணவுப் பாதுகாப்பு விதிகள் அதைத் தடை செய்திருக்கின்றன. மாறாக, எத்திலீன் வாயுவை அளவோடு பயன்படுத்த அனுமதி உண்டு. பழங்கள் தாமே வெளியிடும் வாயுதான் அது. கார்பைடு வைத்த பழம் முகத்தில் பூசிய மஞ்சளைப்போல் எங்கும் ஒரே நிறமாக இருக்கும்; காம்படியில் மணம் இருக்காது; வெட்டினால் கொட்டையை ஒட்டி வெளிறிப்போய்ப் புளிக்கும். குளிர வைத்தால் புளிப்புதான் முன்னால் நிற்கும். சித்தூர்ப் பக்கமிருந்தும் குடியாத்தம் தோப்புகளிலிருந்தும் பங்கனப்பள்ளி வந்து குவியும் நாட்களில், முக்கால் பழுத்ததாக வாங்கி வைக்கோலிலோ அரிசி டப்பாவிலோ இரண்டொரு நாள் வைத்தால் போதும். பழுக்காத மாம்பழத்தை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. குளிரில் அதன் பழுக்கும் வேலை நின்றுவிடும். பிறகு வெளியே எடுத்தாலும் சரியாகப் பழுக்காது. கிண்ணத்துக்குப் பங்கனப்பள்ளியே ஏற்றது, நார் கிடையாது, துண்டு குழையாது. மல்கோவா அருமையான பழம், ஆனால் அதைத் தனியாகத்தான் சாப்பிட வேண்டும். இளநீரில் போட்டுக் கரைப்பது அதற்குச் செய்யும் அநியாயம்.

இனி நுங்கு. என்னைக் கேட்டால் இந்தக் கிண்ணத்தின் உயிரே நுங்குதான். அது இல்லாத நாளில் செய்தால் வெறும் பழத்துண்டுகள்தான் என்று தோன்றும். பனை நம் மாநில மரம். அதன் காயைக் குலையோடு சைக்கிளில் கட்டிக்கொண்டோ, சாலையோரம் குவித்துக்கொண்டோ விற்கிறவர்களை மார்ச் கடைசியிலிருந்தே பார்க்கலாம். காட்பாடிச் சாலையில் நான் வழக்கமாக வாங்கும் ஆயா, காயைக் கையில் எடுத்த உடனேயே சொல்லிவிடுவார். “இது முற்றல் கண்ணு, உனக்கு வேண்டாம். அந்தக் குலையில் பிஞ்சாக இருக்கிறது, இரு, வெட்டித் தருகிறேன்.” அரிவாளால் தலைப்பக்கம் ஒரே சீவு. பெரும்பாலும் மூன்று கண்கள், பனி படிந்த கண்ணாடி போல உள்ளே நுங்கு. ஆயா கட்டை விரலை ஓரத்தில் விட்டு வழித்தால் பிஞ்சு நுங்கு முழுசாக வந்து பனையோலைத் தொன்னையில் விழும். அழுத்தினால் குழைந்து கொடுக்க வேண்டும், உள்ளே நீர் ஆடுவது விரலுக்குத் தெரிய வேண்டும். கல்லாக இருந்தால் மெல்ல முடியாது. குழந்தைகளுக்கு வயிறு வலிக்கும்.

“ஆயா, நாளைக் காலைக்கு இன்றே வாங்கிக்கொள்ளட்டுமா?” என்று ஒருமுறை கேட்டேன். “இன்றைக்கு வெட்டியதை இன்றைக்கே சாப்பிடு. நாளைக்கு வேண்டுமானால் காயாகக் கொண்டு போ, வீட்டில் வெட்டிக்கொள்” என்றார். அன்றிலிருந்து காயாகத்தான் வாங்குகிறேன். வெட்டி எடுத்த நுங்கு மறுநாள் கொழகொழத்துவிடும், ஃபிரிட்ஜும் அதைக் காப்பாற்றாது.

நுங்கின் மேல் தோல் துவர்க்கும். வைத்தியத்துக்கு நல்லது என்று சிலர் தோலோடு சாப்பிடுவார்கள். ஆனால் கிண்ணத்தில் அந்தத் துவர்ப்பு மற்ற எல்லாப் பழத்தையும் கெடுத்துவிடும். நுங்கைக் குளிர்ந்த நீரில் சிறிது நேரம் போட்டு வைத்தால் தோல் இளகும். விளிம்பில் நகத்தால் கீறி மெதுவாக இழுத்தால் பழுப்புத் தோல் நாடாவாக உரிந்து வரும். இந்த வேலையைக் கிண்ணத்துக்கு மேலேயே செய்ய வேண்டும். கொஞ்சம் அழுத்தம் கூடினால் நுங்கு கிழிந்து உள்ளே இருக்கும் இனிப்பு நீர் பீய்ச்சியடிக்கும். அந்த நீரை வீணாக்கக் கூடாது. உரித்ததை நான்காகக் கிள்ளிப் போட்டால் போதும்.

வெட்டும் வேலைக்கு ஒரு முறை இருக்கிறது, அதை மாற்றினால் கிண்ணம் நீர்த்துப்போகும். வெட்டுவதற்கு முன்னால், பழத்தின் தோலை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவித் துடைக்க வேண்டும். கிர்ணிக்கு இது கட்டாயம். தோலை எப்படியும் தூக்கி எறியப் போகிறோம், எதற்குக் கழுவுவது என்று பலர் நினைக்கிறார்கள். வலைவரிகளுக்குள் மண்ணும் கிருமியும் ஒட்டியிருக்கும். கத்தி உள்ளே இறங்கும்போது அவற்றையும் சேர்த்துச் சதைக்குள் இழுத்துக்கொண்டு போகும். 2011-இல் அமெரிக்காவின் கொலராடோவில் விளைந்த கிர்ணி வகைப் பழங்கள் மூலம் லிஸ்டீரியா கிருமி பரவி 33 பேர் இறந்தார்கள். ஃபிரிட்ஜின் குளிரிலும் வளரக்கூடிய கிருமி அது. வெட்டிய பழத்தை நாள்கணக்கில் ஃபிரிட்ஜில் சேமிக்கலாம் என்று நினைக்கக் கூடாது.

முந்தைய இரவு கிர்ணியை மட்டும் வெட்டி, மூடிய எவர்சில்வர் டப்பாவில் வைப்பேன். திராட்சையைக் கழுவி உதிர்த்து வைப்பேன். தர்பூசணியைக் கால் பங்காக அரிந்து அப்படியே மூடி வைத்துவிட்டு, காலையில்தான் துண்டு போடுவேன். சிறு துண்டுகளாக இரவே வெட்டினால், காலையில் அடியில் சிவப்புத் தண்ணீரும் மேலே சக்கையும்தான் இருக்கும். துண்டும் பெரிதாக இருக்க வேண்டும். ஒரு கடி அளவுக்குக் குறைந்தால் பழத்தின் சாறு வாய்க்கு வருவதற்கு முன் கிண்ணத்துக்குப் போய்விடும். மாம்பழமும் நுங்கும் காலையில். வாழைப்பழம் போடுவதென்றால் கடைசி நிமிடத்தில். அதை ஃபிரிட்ஜுக்குள் விடவே வேண்டாம், தோல் கருத்துவிடும்.

நாலு பேருக்கு நான் எடுக்கும் அளவு: சிறிய கிர்ணி ஒன்று, தர்பூசணியில் 300 கிராம், நுங்கு எட்டு கண், ஒரு நடுத்தரப் பங்கனப்பள்ளி, ஒரு கைப்பிடி பன்னீர் திராட்சை, வழுக்கையோடு ஒரு இளநீர். திராட்சை கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வருவது, 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. கொட்டை இருக்கும், தோல் கொஞ்சம் கெட்டி, ஆனாலும் அந்தப் பன்னீர் வாசனைக்கு ஈடு இல்லை. கொட்டை இல்லாத பச்சைத் திராட்சை எத்தனை வந்தாலும் நான் அதைத்தான் தேடுவேன். ஒரு தேக்கரண்டி சப்ஜா விதையைத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊற விட்டால் ஒவ்வொன்றும் வழவழப்பான உறை கட்டி நிற்கும். நம் திருநீற்றுப்பச்சிலையின் விதைதான் அது. இளநீரைக் கிண்ணத்தில் ஊற்றி, வழுக்கையைக் கீறிப் போட்டு, சப்ஜாவைக் கலந்து, பிறகு பழங்களைச் சேர்த்து, அரை மூடி எலுமிச்சை பிழிந்து, புதினாவை இரண்டாகக் கிள்ளிப் போட்டால் முடிந்தது.

உப்பு ஒரு சிட்டிகை, அதுவும் பரிமாறும்போது மட்டும். உப்போ சர்க்கரையோ பழத்தின் மேல் விழுந்த உடனே உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கத் தொடங்கிவிடும். ஊறுகாய்க்கு உப்புப் போட்ட மாங்காய் நீர் விடுவதும் இதே காரணத்தால்தான். அங்கே அது வேண்டியது, இங்கே வேண்டாதது. மிளகுத்தூள் பிடிக்கிறவர்கள் தர்பூசணி மேல் ஒரு தூவல் தூவிக்கொள்ளலாம். சாட் மசாலா வேண்டாம், நுங்கின் மென்மை அதில் காணாமல் போகும்.

பால் சேர்க்காததற்கும் காரணம் உண்டு. பப்பாளியில் பப்பைன், அன்னாசியில் புரோமிலைன் என்று புரதத்தை அறுக்கும் நொதிகள் இருக்கின்றன. பச்சையாக அவற்றைப் பாலோடும் தயிரோடும் சேர்த்து வைத்தால் பால் புரதம் சிதைந்து அரை மணியில் கசப்புத் தட்டும். தயிர் சேர்த்துத்தான் வேண்டும் என்றால் மாம்பழம், மாதுளை, திராட்சையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தயிரைத் துணியில் கட்டி நீர் வடித்துவிடுங்கள். அதுவும் ருசிதான். ஆனால் வெயிலுக்கு எனக்கு இளநீரே பிடிக்கிறது.

குளிர வைப்பதைப் பற்றி இன்னொன்று. ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமத்தில் என் தாத்தா வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. கிர்ணியை வாளியில் போட்டுக் கிணற்றில் இறக்கி, மத்தியானம் மேலே இழுப்பார்கள். திராட்சையும் மாம்பழமும் மண்பானைத் தண்ணீரில் கிடக்கும். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு குளிர்ச்சி. ஈரக்காற்று வீசும் சென்னையில் பானைத் தண்ணீர் சுமாராகக் குளிர்வதும், வேலூரில் பல்லைக் கூசவைப்பதும் இதனால்தான். மானாமதுரை மண்பாண்டம் கிடைத்தால் அகலமான சட்டியொன்று வாங்கி, நீரில் ஊற வைத்து, அதில் கிண்ணத்தை இறக்கி ஈரத்துணி சுற்றி வைத்துப் பாருங்கள். மின்வெட்டு நாட்களில் இதுவே எங்களுக்குக் கைகொடுக்கிறது. பானைக் குளிர்ச்சியில் பழத்தின் இனிப்பு மங்குவதில்லை, மணமும் போவதில்லை. ஃபிரிட்ஜில் வைத்ததைவிட அதில் வைத்ததுதான் ருசி என்று என் மகள் அடித்துச் சொல்கிறாள், நானும் அப்படியே நினைக்கிறேன். ஒரு எச்சரிக்கை: வெட்டிய பழத்தை இப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. முழுப்பழம் எவ்வளவு நேரமும் இருக்கலாம்.

பழம் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனால் பத்து மணிக்குள் பசித்துவிடும். அதற்காக எங்கள் வீட்டில் பக்கத்திலேயே வேகவைத்த வேர்க்கடலையோ முளைகட்டிய பச்சைப்பயறோ ஒரு கிண்ணம் இருக்கும். கடலையை முதல்நாள் மாலையே வேகவைத்துவிடலாம். என் அத்தைக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவருக்குப் பழமே கூடாது என்று ஒருகாலத்தில் உறவினர் பலரும் சொல்லி அவரைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பொதுவாக ஒரு நாளைக்கு 100 கிராம் பழம் என்று இருக்கிறது. மருத்துவரிடம் கேட்டு, அவருக்கென்று கிர்ணியும் நுங்கும் இரண்டு துண்டு கொய்யாவும் சின்னக் கிண்ணத்தில் தனியாக வைக்கிறேன். கடலையை முதலில் சாப்பிட்டுவிட்டுப் பழத்துக்கு வருவார். மாம்பழத்தில் ஒரு துண்டு. “அந்த ஒரு துண்டைக் கடைசியாக வை அம்மா, வாயில் அந்த ருசியோடு எழுந்திருக்கிறேன்” என்பார். அப்படியே வைக்கிறேன்.

ஆனி பிறந்தால் நுங்கு வரத்துக் குறையும், கிர்ணியில் மணம் போய்விடும். அப்போது நீலம் மாம்பழமும் நாவல் பழமும் கொஞ்ச நாள் கிண்ணத்தை நிரப்பும். நாவலுக்கு எலுமிச்சை தேவையில்லை, உப்பு மட்டும் போதும். ஆடி பிறந்து தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றத் தொடங்கியதும் பழக்கிண்ணத்தைக் கழுவிப் பரணில் ஏற்றிவிட்டு, வீட்டிலும் கேழ்வரகுக் கூழுக்கு மாறிவிடுவோம். மறுபடி பங்குனியில் ஆயா காட்பாடிச் சாலையில் முதல் குலையை இறக்கி வைத்திருக்கிறாரா என்று பஸ்ஸிலிருந்தே எட்டிப் பார்க்கத் தொடங்குவேன்.